நூற்று நாற்பது கிராம்

பெட்போர்டில் பங்களா இடிக்கிற ஜெபக்குமார்
பதினொரு கதவுப் பூட்டுகளோடு
இதையும் கொண்டுவந்து மேசையில் கொட்டினான்.
சாவி போடுகிறவளுக்குத் தெரியாத இரும்பா என்றான்.
இரும்பில்லை, பித்தளை என்றேன்.
அதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை.

ஒரு சாண் வராது. இரண்டு கால்.
கால் முடிகிற இடத்தில் வட்டத் தகடு இரண்டு,
பழைய நாலணா அகலம்,
வாய் ஒட்டிப் பிறந்த மீன்களைப் போல.
உச்சியில் ஒரு வளையம்.
நடுவில் ஏறி இறங்குகிற இன்னொன்று:
இறக்கினால் வாய் மூடும், ஏற்றினால் திறக்கும்.
எழுத்தில்லை, முத்திரையில்லை.
தராசு மட்டும் தயங்காமல் சொன்னது
நூற்று நாற்பது கிராம்.
உடைசல் விலைக்கு அறுபத்து மூன்று ரூபாய்.
நூறு கொடுத்தேன்.

பல் பிடுங்குவது என்றார் டீக்கடை மாதப்பன்.
அந்த வாரம் முழுக்க அவருக்குக் கடைவாய்ப் பல் வலி.
லோகோ ஷெட் ஃபிட்டர் லாசர்
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
எங்க எஞ்சின்ல இவ்வளவு நாசூக்கா எதுவும் கிடையாது
என்று வைத்துவிட்டுப் போனார்.
வெலிங்டனில் ஸ்டோர் கணக்கு எழுதி ஓய்ந்த சுபேதார்
சூடான ஈயக் குண்டைத் தூக்குவது என்றார்,
கையெழுத்துப் போடுகிற குரலில்.
கேரட் மூட்டை இறக்க வந்த பெள்ளி
கன்னுக்குட்டி மூக்குக்கு என்றான்;
நம்பவில்லை என்றதும்
தன் மூக்கில் மாட்டிக் காட்டினான்.
கண்ணீர் வழிய வழிய, பாத்தியா, பாத்தியா என்றான்.

பிறகு அது ஆணியில் தொங்கியது.
கரண்ட் பில், கடை வாடகைச் சீட்டு,
மருமகனின் ஜாதகம் எல்லாவற்றையும்
கடித்துக்கொண்டு.

ஐப்பசியில் மண் சரிந்து ரயில் நின்ற அன்று
சாக்கடை ஏறி கடைக்குள் வந்தது.
சாவி வெட்டுகிற மிஷினை மேலே கொண்டுபோக வேண்டும்.
பதினாறு கிலோ, இரண்டு கையும் வேண்டும்.
புடவையை எந்தக் கையால் பிடிப்பது?
கொசுவத்தை எடுத்துச் செருகிப் பார்த்தேன்,
குனிந்ததும் அவிழ்ந்து தண்ணீரில் விழுந்தது.
பில்லைக் கடிக்கிறது புடவையைக் கடிக்காதா?
உச்சி வளையத்தில் ஒரு நாடா, நாடா இடுப்பில்.
கரையை வாயில் கொடுத்து
வளையத்தை இறக்கினேன்.

கணுக்காலுக்கு மேல் நின்றது புடவை.
ஒரு நூல் பிரியவில்லை.
இருபத்தேழு படி ஏறினேன்
மிஷினைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு.
இருபத்தெட்டாவதில்
நின்றுவிட்டேன்.
பின்னால் அடுப்போடு வந்த மாதப்பன்
நகரும்மா என்று கத்தினார்.

எவளோ ஒருத்தி.
எட்டு முழமோ பத்து முழமோ
தரையைக் கூட்டுகிற பாவாடை.
இதே மழை, இதே சறுக்கல்.
அவள் கைகளில் என்ன இருந்தது?
குடையா, நாயின் சங்கிலியா,
எழுதி ஒட்டாமலே வைத்திருந்த கடிதமா?
மிஷின் இல்லை, அது நிச்சயம்.
பாவாடையைத் துவைத்தவள் யார் என்பதும்
தெரியாது, யோசிக்கிறேன்.

தை மாதம் ஜெபக்குமார் வந்தான்.
ஓட்டலில் கண்ணாடிப் பெட்டி வைக்கிறார்களாம்,
பழைய சாமானுக்கு நல்ல விலையாம்.
என்னன்னு தெரிஞ்சுதாக்கா?
பில் மாட்டுற கிளிப் என்றேன்.
ஆணியில் அது பில்லோடுதான் இருந்தது,
பொய் என்று முழுதாகச் சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது.
வாங்கிய அன்றே புளி போட்டுத் தேய்த்தேன்.
தகட்டின் உள்விளிம்பில்
ஏதோ காய்ந்து இறுகியிருந்தது.
ஊசியால் நெம்பி எடுத்தேன்:
சிவப்பாகக் கொஞ்சம் மண்,
அதில் மயிரிழை அளவு பச்சை நூல்.
துரு என்று நினைத்து
குழாயைத் திறந்துவிட்டேன்.